பாதிரிக்குடியார் ரட்சை: அரிட்டாபட்டி மலைகளுக்கு ஊர் நிற்கும் காவல்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அரிட்டாபட்டி. அவ்வூரின் கழிஞ்சமலையில், இயற்கையாய் அமைந்த குகைத்தளத்துக்கு மேலே, தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்று பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து முறையில் சில வரிகள். அந்த மலைக்குத் திருப்பிணையன் மலை என்று பெயர் என்பதும், அச்சணந்தி என்ற சமண முனிவர் அத்திருமேனியைச் செய்வித்தார் என்பதும் அவ்வரிகளிலிருந்து தெரிகின்றன. கல்வெட்டு முடியும் இடத்தில்தான் நமக்கான சொற்கள் இருக்கின்றன: 'பாதிரிக்குடியார் ரட்சை'. இத்திருமேனியைப் பேணிக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி ஊராருடையது என்பது அதன் பொருள். அரசன் பெயரோ அதிகாரியின் பெயரோ காவல் பொறுப்பில் இல்லை. ஓர் ஊர் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே மலைக்கு யார் காவல் என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் கனிமத்துக்காக ஏலம் போன செய்தி வெளியானது. அடுத்த மூன்று மாதத்துக்குள், 2025 ஜனவரி 23 அன்று, ஒன்றிய அரசே அந்த ஏலத்தை ரத்து செய்தது. இந்த மூன்று தேதிகளையும் வரிசையாகப் படிப்பவர்கள் 'பல்லுயிர்த் தலம் என்ற அறிவிப்பு மலையைக் காப்பாற்றிவிட்டது' என்று முடிவு கட்டுவது இயல்பு. நடந்ததை ஊன்றிப் பார்த்தால் அந்த முடிவு பாதிதான் சரி. அறிவிப்பு காத்து நின்ற பரப்பு ஒன்று, மக்கள் காத்து நின்ற பரப்பு வேறொன்று. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு இருந்தது.

அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

அரிட்டாபட்டியைச் சூழ்ந்திருப்பது அடர்காடு போர்த்திய மலைத்தொடர் அல்ல. ஏழு மலை என்று ஊரில் சொல்லப்படும் இக்குன்றுகள் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடக்கும் மொட்டைப் பாறைகள். இடுக்குகளிலும் அடிவாரத்திலும் மட்டும் புதர்க்காடு. கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயி மலை, தேன்கூட்டு மலை, கழுகுமலை என்று ஊர் அவற்றுக்குத் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது. பார்வைக்கு வறண்ட இந்தப் பாறைதான் வட்டாரத்தின் தண்ணீர்க் கூரை. மொட்டைப் பாறையில் விழும் மழையில் பெரும்பகுதி நிற்காமல் வழிந்து இறங்குகிறது. பாறையின் குழிகளில் தங்குவது சுனையாகிறது. வெடிப்புகளுக்குள் புகுவது அடிவாரத்தில் கசிந்து ஊற்றாகிறது. மிச்சமெல்லாம் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு, அதாவது ஊர் ஏரிக்கு, போகிறது. ஒரு கண்மாய் நிரம்பினால், உபரிநீர் வழியும் கலுங்கில் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. இப்படிச் சங்கிலியாகக் கோத்த அமைப்பில் தலைக் கண்மாய்க்கு மேலே இருக்கும் பாறையில் கை வைத்தால், அதன் விளைவு கடைசிக் கண்மாயின் ஆயக்கட்டு வரை, அதாவது அது பாயும் வயல்கள் வரை, போய்ச் சேரும்.

இப்பகுதியில் 72 ஏரிகளும் 200 இயற்கை நீரூற்றுகளும் மூன்று தடுப்பணைகளும் இருப்பதாக 2022ஆம் ஆண்டு அரசு அறிவிப்பு கணக்குச் சொன்னது. பாண்டியர் காலத்தது என்று அறியப்படும் ஆனைகொண்டான் கண்மாயை அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இந்த எண்களை ஒரு சுற்றுலாக் கையேட்டின் பெருமைக் கணக்காகப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு கண்மாய்க்கும் ஓர் ஆயக்கட்டு உண்டு, மடைதோறும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கம் உண்டு, மடையைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பானவர் உண்டு, மீன்பாசிக் குத்தகையும் கரைவேலிச் சண்டையும் உண்டு. 72 கண்மாய் என்றால், மலையோடு நேரடியாகக் கணக்கு வழக்கு வைத்திருக்கும் 72 கூட்டங்கள் என்று பொருள். அந்த மலையில் ஆர்வம் கொள்ளும்படி அவர்களுக்கு யாரும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை.

பறவைகளைப் பார்க்க வந்தவர்கள் பிறகு வந்தவர்கள். ஏறத்தாழ 250 பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன என்கிறது அதே அறிவிப்பு. அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று இரைக்கொல்லிகள் சிறப்பாகச் சொல்லப்படுகின்றன. மூன்றுமே பாறைச் செங்குத்துகளை நம்பி வாழக்கூடியவை. குன்றின் நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு போதும், அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொள்ளும். கீழே விரியும் வயலும் கரம்பையும் அவற்றுக்கு வேட்டைக்களம். லகர் வல்லூறு உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் பறவை என்பதால் பறவை நோக்கர்களுக்கு அரிட்டாபட்டி முக்கியமான ஊராயிற்று. அழுங்கு எனும் எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே உண்டு. இந்த உயிர்களுக்குத் தேவையானது காடு மட்டுமல்ல, காடும் வயலும் கண்மாயும் பாறையும் கலந்த நிலம். வேலி போட்டு ஆட்களை வெளியேற்றிவிட்டால் வளர்ந்துவிடும் சூழல் அல்ல இது. வயல் தரிசாகிப் போனால் வல்லூறுக்கும் இரை குறையும்.

மலையோடு மனிதருக்குள்ள உறவு எவ்வளவு பழையது என்பதற்கு அடுத்த ஊரான மீனாட்சிபுரமே சான்று. தொல்லியலில் மாங்குளம் என்று பெயர் பெற்ற குகைத்தளங்கள் இங்குள்ள மலையில்தான் இருக்கின்றன. 1882இல் இராபர்ட் சூவல் கண்டறிந்த அங்குள்ள தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள், தமிழில் இதுவரை படிக்கப்பட்டுள்ள மிகப் பழைய பாறைக் கல்வெட்டுகளில் இடம்பெறுபவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் அவற்றில் வருகிறது. கணிநந்தி என்ற சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக்கொடுத்தவர்களின் பெயர்களும் வருகின்றன. அக்கொடையாளர்களில் 'வெள்ளறை நிகமத்தோர்' என்போர் ஒரு வணிகக் குழுவினர். தனி மனிதர் அல்லாமல் ஒரு கூட்டமைப்பே முன்வந்து மலைக்குச் செய்த பணி, ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. வெள்ளறை என்பது மதுரை–மேலூர் சாலையோரம் இன்றும் இருக்கும் வெள்ளரிப்பட்டியாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

குகைத்தளங்களைக் கிட்டே நின்று பார்க்கிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். தரைப் பாறையில் ஆள் படுக்கும் அளவுக்கு வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள். தலைமாட்டில் தலையணை போலச் சற்று உயர்த்திவிட்ட மேடு. ஊரார் வாய்வழக்கில் இவை பஞ்சபாண்டவர் படுக்கை. அண்ணாந்து பார்த்தால், குகையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து பாறையை ஒட்டி வழியும் மழைநீர் குகைக்குள் நுழையாமல் அந்தக் காடியில் தடைபட்டு, வெளிப்புறமாகச் சொட்டும். தங்குமிடத்துக்குக் கதவு வைப்பதற்கு முன்பே தண்ணீருக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையின் மறுபக்கத்தில், கண்மாயைப் பார்த்தபடி, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின், தமிழகத்தில் அரிதாகக் கிடைக்கும் சிற்பம் அங்கே உண்டு. சமணப் பள்ளி, சிவன் கோயில், ஊர்த் தெய்வங்கள் எல்லாம் ஒரே பாறைமேல் அடுக்கடுக்காக வந்து அமர்ந்திருக்கின்றன. சமயம் மாறியபோதும் மலைக்கு ஆள் இல்லாமல் போகவில்லை.

இவ்வளவு பொருள் நிறைந்த மலைக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் கிடைக்கும் பெயர் என்ன? இத்தகைய குன்றுகள் பெரும்பாலும் 'பாறை', 'கல்லாங்குத்து', 'மலைப் புறம்போக்கு' என்றுதான் எழுதப்படுகின்றன. விளையாத நிலம் என்பது அதன் உட்பொருள். சுனை எழுதப்படுவதில்லை, வல்லூறு எழுதப்படுவதில்லை, வரத்துக்கால் எழுதப்பட்டால் தனி எண்ணில் வேறு எங்கோ இருக்கும். புறம்போக்கு என்று எழுதப்பட்ட பாறை, குத்தகைக்கு விட ஏற்ற பாறை. இந்த ஒற்றைச் சொல்லின் வழியாகத்தான் மேலூர் வட்டாரத்துக்குக் கிரானைட் தொழில் நுழைந்தது என்பது என் கருத்து.

அதன் விளைவை மேலூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழவளவு, திருவாதவூர் பக்கங்களில் குன்றுகள் சதுரம் சதுரமாக அறுத்தெடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஆழமான பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கழிவுக் கற்கள் கண்மாய்களிலும் வரத்துக்கால்களிலும் கொட்டப்பட்டன. 2012இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை வெளியானபோது, முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பு ரூ.16,000 கோடிக்கும் மேல் என்ற மதிப்பீடு மாநிலத்தையே திடுக்கிட வைத்தது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. கழிஞ்சமலைக்கும் குவாரிக் குத்தகை வந்தபோது அரிட்டாபட்டியினர் எதிர்த்து நின்றனர். வழக்கு மன்றம் வரை சென்று அதை நிறுத்தினர். ஏழுமலை பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் ஊரார் கூடியதும், பறவை நோக்கர்களும் தொல்லியல் ஆர்வலர்களும் ஊருக்கு வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தை ஒட்டியே. அண்டை ஊர்களில் மலை காணாமல் போனதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. 2024இல் தெருவுக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பாடத்தைச் சிறு வயதிலேயே படித்தவர்கள்.

2022ஆம் ஆண்டு அறிவிப்பு இந்தப் பின்னணியில்தான் வந்தது. அதன் சட்டத் தன்மையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தைத் தேசியப் பூங்கா என்றோ சரணாலயம் என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடத்தில் மேய்ச்சல் கிடையாது, தனியார் உரிமைகள் தீர்க்கப்பட்டாக வேண்டும், வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமோ 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படுவது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு அதை அறிவிக்கலாம். மக்கள் காலங்காலமாகச் செய்துவரும் மேய்ச்சல், வழிபாடு, நீர்ப்பயன்பாடு ஆகியவற்றின்மீது, அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்டால் ஒழியத் தடை விதிக்கக்கூடாது என்பது தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டு நெறி. பராமரிப்பில் ஊராட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குப் பங்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், தேசியப் பூங்கா ஊரை வெளியே நிறுத்திவிட்டுக் காவலுக்கு ஆள் வைக்கிறது. பாரம்பரியத் தலம் ஊரையே காவலாக ஏற்கிறது. கர்நாடகத்தின் நல்லூர்ப் புளியந்தோப்பு 2007இல் நாட்டின் முதல் பாரம்பரியத் தலமான காலத்திலிருந்தே கருத்து இதுதான்.

ஆயினும் ஊர்களில் இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம் ஐயமும் கூடவே வருகிறது. 'நாளைக்கு ஆடு மாடு பத்தக்கூடாதுன்னு சொல்லுவாக, விறகு ஒடிக்கக்கூடாதுன்னு சொல்லுவாக' என்ற பேச்சு எழாத ஊர் இல்லை. அரசு ஒரு பலகையை நட்டால் அதற்குப் பின்னால் வேலி வரும் என்பது அனுபவத்தில் வந்த அச்சம். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சட்டத்தின் மென்மையை ஊருக்குத் தெளிவாகச் சொல்லாதவரை, அந்த மென்மையால் ஊருக்குப் பயன் இல்லை.

மென்மைக்கு மறுபக்கமும் உண்டு. மக்களைக் கட்டுப்படுத்தாத அதே அறிவிப்பு, சுரங்கத்தையும் தானாகத் தடுத்துவிடவில்லை. மேலும் அறிவிக்கப்பட்ட பரப்பு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டும் சேர்ந்தே சுமார் 193 ஹெக்டேர்தான். குன்றுகளும் அவற்றின் ஓரங்களும் மட்டும். தண்ணீர் போய்ச் சேரும் கண்மாய்ச் சங்கிலியும் வயல்களும் ஊர்களும் கோட்டுக்கு வெளியே.

இனி டங்ஸ்டன். 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாத இந்த உலோகம் வெட்டுக் கருவிகள், ராணுவத் தளவாடங்கள், மின்னணுப் பொருள்கள் ஆகியவற்றுக்குத் தேவைப்படுகிறது. இந்தியா பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டபோது, டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்கள் இன்றியமையாத கனிமங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மட்டும் என்றாக்கப்பட்டது. வருவாய் மாநிலத்துக்கு, முடிவு டெல்லிக்கு என்ற ஏற்பாடு. 2024 நவம்பர் 7 அன்று வெளியான ஏல முடிவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் மட்டுமன்றி அ. வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி உள்ளிட்ட ஊர்களின் நிலங்களும் அதில் அடங்கின. ஏலத்துக்கு முன் மாநில அரசு ஆட்சேபிக்கவில்லை என்று ஒன்றிய அரசும், அதிகாரத்தைப் பறிக்கும் முறையையே 2023 அக்டோபரில் கடிதம் எழுதி எதிர்த்தோம் என்று மாநில அரசும் சொல்லிக்கொண்டன. இந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஏலம் விடும்வரை இரண்டு அரசுகளின் எந்தக் கடிதத்திலும் ஊரிடம் கேட்பதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

செய்தி பரவிய ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கிராம சபை வந்தது. 2024 நவம்பர் 23 அன்று கூடிய சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டாரத்து ஊராட்சிகள் பலவும் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. சட்ட வலிமை என்று பார்த்தால் அத்தீர்மானங்கள் காகிதத்துக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தபோது அது செல்லுபடியானதற்குக் காரணம், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் அதன் பின்னால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் இருந்ததுதான். அங்கேயும் எதிர்த்தரப்பில் அதே குழுமம். மேலூர் வட்டாரம் பழங்குடிப் பகுதியாக அட்டவணைப்படுத்தப்பட்டதல்ல. கிராம சபையின் மறுப்பைக் கட்டாயமாகக் கேட்டாக வேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் அதற்குத் துணையில்லை. ஆகவே தீர்மானத்துக்குப் பலம் சேர்க்க வேண்டிய வேலை முழுவதும் தெருவில் நடந்தாக வேண்டியிருந்தது.

டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. தொகுதியின் மொத்தப் பரப்பில் பல்லுயிர்த் தலம் ஏறத்தாழ பத்து விழுக்காடுதான், அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுவரையறை செய்ய முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம்.

இந்த விவகாரத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த கட்டம் இதுதான். காகிதத்தில் பார்த்தால் அது நியாயமான சமரசம். வல்லூறு தப்பியது, தமிழிக் கல்வெட்டு தப்பியது, குடைவரை தப்பியது; பாதுகாக்கப்பட்ட தலம் என்று சட்டத்தில் எழுதியிருந்ததெல்லாம் தப்பியது. மலையை ஓர் அழகிய காட்சிப் பொருளாக மட்டும் நேசித்தவர்களின் ஆதரவாக இருந்திருந்தால் போராட்டம் அன்றே இரண்டாகப் பிளந்திருக்கும். ஊர்கள் அதை ஏற்கவில்லை. 193 ஹெக்டேரை விட்டுவிட்டு மிச்சம் 1,800 ஹெக்டேரைத் தோண்டினால், பாறை நிற்கும், அது அனுப்பும் தண்ணீர் போய்ச் சேர இடம் இருக்காது. கண்மாய் இல்லாத மலை அவர்கள் கணக்கில் மலையே இல்லை. தொகுதி முழுவதையும் கைவிட்டாக வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதியில் கடைகள் அடைக்கப்பட்டன. நரசிங்கம்பட்டியில் திரண்ட ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கி நடந்தும் வண்டிகளிலும் வந்தனர். முல்லைப் பெரியாறு ஒருபோகப் பாசன விவசாயிகள் சங்கத்தினர் முன்னணியில் நின்றனர் என்பதே அது யாருடைய போராட்டம் என்பதைச் சொல்லிவிடும். பங்கேற்றவர்கள்மீது பதியப்பட்ட வழக்குகளை மாநில அரசு பிறகு திரும்பப் பெற்றது.

இவ்வளவு வேகமாக, இவ்வளவு பேரை, ஒரு கட்சியும் முன்னே நிற்காமல் திரட்டியது எது? மேலூர் வட்டாரத்தில் 'நாடு' என்ற பழைய அமைப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. பல ஊர்கள் சேர்ந்து ஒரு நாடு, அதற்குத் தலைவர்களாக அம்பலக்காரர்கள்; திருவிழா, மஞ்சுவிரட்டு, மீன்பிடித் திருவிழா எல்லாம் அந்தக் கணக்கில் நடப்பவை. மந்தையில் கூட்டம் போட்டு எடுத்த முடிவு அன்றிரவே பத்து ஊருக்குப் போய்ச் சேரும். ஜனவரி 22 அன்று டெல்லியில் ஒன்றியச் சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்த குழுவிலும் அம்பலக்காரர்கள் இருந்தார்கள். மறுநாள் ரத்து அறிவிப்பு வந்தது. பல்லுயிர்ப் பாதுகாப்பும் மக்களின் மரபுவழி உரிமைகளும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மூன்று நாள் கழித்து, குடியரசு நாளன்று, முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கும் வல்லாளபட்டிக்கும் நேரில் வந்தார்.

நாடு என்ற அமைப்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் கடந்தால் அது நேர்மையாகாது. சாதி அடுக்கின்மேல் கட்டப்பட்ட அமைப்பு அது. இதே மேலூர் வட்டத்தின் மேலவளவில் 1997இல், தனித்தொகுதியில் வென்ற தலித் ஊராட்சித் தலைவரும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். 'ஊர்' என்று சொல்லும்போது அதற்குள் யாருக்குக் குரல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கேள்வி இந்த மண்ணில் வெறும் தத்துவக் கேள்வி அல்ல. டங்ஸ்டன் எதிர்ப்பில் பல சாதியினரும் மதத்தினரும் வணிகர்களும் பெண்களும் ஒன்றாக நடந்தது உண்மை. பறிபோகவிருந்த நிலமும் தண்ணீரும் எல்லாருக்கும் பொது என்பதால் அது நடந்தது. மலையைப் பராமரிக்கும் அன்றாட வேலையில், பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் நாற்காலிகளில், அந்தப் பொதுமை தொடர்கிறதா என்பது தனியே கவனிக்க வேண்டியது. ஆடு மேய்ப்பவருக்கும் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் மலையைப் பற்றித் தெரிந்தது நிறைய. கூட்டத்தில் அவர்களைக் கேட்பது குறைவு.

ஊர் தானாக எடுத்த முடிவு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இந்த வழக்கம் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. தீபாவளிதோறும் இது செய்தியாகிறது. ஊர்க்காரர்களுக்கு இதில் செய்தி ஒன்றும் இல்லை.

அரிட்டாபட்டியில் தீராமல் நிற்பது எல்லைக்கோட்டுப் பிரச்சினை. ஏலம் ரத்தாகியிருக்கிறது, இன்றியமையாத கனிமங்களின் பட்டியலும் அதை ஏலம் விடும் அதிகாரமும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் போராட்டக்காரர்கள் ரத்தோடு நில்லாமல், இப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகவும் தமிழ்ப் பண்பாட்டு மண்டலமாகவும் அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இது ஆசைக்குக் கேட்டது அல்ல. காவிரிப் படுகைக்கு 2020இல் இயற்றப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் முன்மாதிரியாக இருக்கிறது. பறவைக்கும் கல்வெட்டுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஆயக்கட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதை ஊர்கள் சரியாகக் கண்டுகொண்டதன் விளைவு அந்தக் கோரிக்கை.

இதற்கிடையே அரிட்டாபட்டிக்கு வெளியூர்க்காரர்கள் வரத்து கூடியிருக்கிறது. விடுமுறை நாள்களில் மலையேற வருகிறவர்கள் படுக்கைகள்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெகிழிப் பொட்டலங்கள் சுனையில் மிதக்கின்றன. கூடு கட்டும் மாதங்களில் பாறை விளிம்பை நெருங்கி நிற்கும் கூட்டம், வல்லூறுக்குக் குவாரி வெடியைவிடச் சிறிய தொந்தரவுதான், ஆனால் அது வாரந்தோறும் வருவது. தமிழகத்தின் இரண்டாவது பாரம்பரியத் தலமாக 2025இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவு. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஊர் வழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும். அரிட்டாபட்டியின் ஏழு மலைக்கு அப்படி ஒரே வாசல் இல்லை. வண்டிகளை எங்கே நிறுத்துவது, எந்தப் பாறைக்கு எந்த மாதத்தில் ஆள் போகக்கூடாது, கண்மாய்க்கரையில் யார் நின்று சொல்வது என்பவை இனி ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டிய சங்கதிகள்.